கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: நம் வீடுகளில் பேச வேண்டிய ஒரு பாடம்

(உயர்தர உயிரியல் பிரிவு மாணவி)

இவ்வருடம் தரம் 6 இல் படிக்கும் என் தங்கை பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வந்தாள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தினர் வந்து மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி ஏற்றப்போகிறார்கள், விருப்பமாயின் பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. வாப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். பின்னர் மடித்து மேசையில் வைத்துவிட்டார். மூன்று நாட்களாக அது அங்கேயே கிடந்தது.

நான்காம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "இந்தச் சின்னப் புள்ளைக்கு இது என்னத்துக்கு? நீங்க பயோ படிக்கிறீங்கதானே மகள், சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆறு வருடங்களுக்கு முன் அதே ஊசியை நானும் ஏற்றிக்கொண்டவள்தான். வகுப்பில் நாங்கள் அதைப் 'புற்றுநோய் ஊசி' என்று சொல்வோம். கை வலித்ததும், காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்த ஒரு தோழி பயத்தில் மயங்கி விழுந்ததும் நினைவிருக்கிறது. எந்தப் புற்றுநோய், எதனால் வருகிறது, ஏன் அந்த வயதில் ஏற்றுகிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. வாப்பாவின் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது. சில விடயங்களை எழுதக் கூச்சமாகவே இருந்தது. ஆயினும் எங்கள் ஆசிரியை, "பாடப்புத்தகத்தில் இருக்கிறதை எழுதுவதற்கு என்ன வெட்கம்?" என்று சொல்லித் தைரியமூட்டினார்.

நோய் எங்கே வருகிறது?

பெண்ணின் கருப்பையின் கீழ்ப்பகுதி ஒடுங்கி யோனி மடலுடன் இணையும் இடமே கருப்பைக் கழுத்து. குழந்தை வெளிவரும் வழியும் இதுவே. இதன் வெளிப்புறத்தை ஒரு வகை மேலணிக் கலங்களும், உட்புறத்தை வேறொரு வகை மேலணிக் கலங்களும் மூடியிருக்கின்றன. இவ்விரு வகையும் சந்திக்கும் எல்லையில் கலங்கள் எப்போதும் மாறிக்கொண்டிருக்கும். புற்றுநோய் பெரும்பாலும் இந்த எல்லையில்தான் தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர். கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு பெண். இறந்தவர்களில் நூற்றுக்கு 94 பேர் அளவில் வறிய நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். அந்த நாடுகளில் நோய் கடுமையானது என்பதல்ல இதன் பொருள். தடுப்பூசியும் பரிசோதனையும் உரிய காலத்தில் கிடைக்காமையே காரணம். இலங்கைப் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களிலும் இது ஒன்றாகும்.

காரணத்தைத் தேடிய கதை

1842 ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த ரிகோனி ஸ்டேர்ன் என்ற வைத்தியர், வெரோனா நகரில் பல்லாண்டுகளாகப் பதியப்பட்டிருந்த மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். கருப்பையில் வரும் புற்றுநோய் திருமணமான பெண்களிடம் கூடுதலாகவும், மடங்களில் வாழ்ந்த கன்னியாஸ்திரிகளிடம் மிகக் குறைவாகவும் இருப்பதைக் கண்டார். இந்நோய்க்கும் இல்லற வாழ்வுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்ற ஐயம் அங்கிருந்து எழுந்தது. ஆனால் அந்தத் தொடர்பு எது என்பதை அறிய இன்னும் 140 வருடங்கள் தேவைப்பட்டன.

இடையில் இன்னொரு முக்கியமான வேலை நடந்தது. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜோர்ஜ் பப்பனிகொலாவோ என்ற விஞ்ஞானி, கருப்பைக் கழுத்துப் பகுதியிலிருந்து உதிரும் கலங்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அவருடைய மனைவி பல வருடங்களாகத் தானே மாதிரி கொடுத்து அவருக்கு உதவினார். புற்றுநோயாக மாறிய கலங்களை இவ்வாறு அடையாளம் காணலாம் என்று அவர் 1928 இல் அறிவித்தபோது வைத்திய உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1943 இல் ஹேர்பேர்ட் ட்ராவுட் என்ற வைத்தியருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூலின் பின்னரே இம்முறை பரவியது. அவருடைய பெயரின் முதற்பகுதியைக் கொண்டே இன்று இதனைப் 'பாப்' பரிசோதனை என்கிறோம். காரணம் தெரியாமலே நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வழி இவ்வாறு கிடைத்தது.

காரணத்தைக் கண்டவர் ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன். 1970 களில் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஹேர்பிஸ் என்ற வைரசே இந்நோய்க்குக் காரணம் என நம்பினார்கள். சூர் ஹவுசன் புற்றுநோய்க் கலங்களின் டிஎன்ஏயினுள் ஹேர்பிஸ் வைரசின் டிஎன்ஏயைத் தேடினார். கிடைக்கவில்லை. இதனை 1974 இல் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் அவர் சொன்னபோது கேட்டவர்கள் ஏற்கவில்லை. அவரோ, மருக்களை உண்டாக்கும் பப்பிலோமா வைரசுதான் காரணமாக இருக்கலாம் எனக் கருதினார்.

இங்கு ஒரு சிக்கல் இருந்தது. சாதாரண மருவிலுள்ள வைரசின் டிஎன்ஏயை வைத்துத் தேடியபோதும் புற்றுநோய்க் கலங்களில் எதுவும் அகப்படவில்லை. வேறொருவராயின் தன் கருத்துப் பிழை என்று விட்டிருப்பார். ஆனால் பப்பிலோமா வைரசு ஒன்றல்ல, பல வகைகள் உண்டு என்பதை அவர் விளங்கிக்கொண்டார். அவருடைய குழுவினர் ஒவ்வொரு வகையாகப் பிரித்தெடுத்தனர். ஒரு வகையை வைத்து அதற்கு நெருங்கிய இன்னொரு வகையைத் தேடினர். இறுதியில் 1983 இல் 16 ஆம் வகையையும், 1984 இல் 18 ஆம் வகையையும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் திசுவிலிருந்தே பிரித்தெடுத்தனர். உலகில் ஏற்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 70 வீதமானவை இவ்விரு வகைகளாலும் ஏற்படுகின்றன என்று பின்னர் தெரியவந்தது. 1999 இல் வெளிவந்த ஓர் ஆய்வு பல நாடுகளின் மாதிரிகளை மீண்டும் பரிசோதித்து, 99.7 வீதமானவற்றில் ஏதோ ஒரு வகை எச்பிவி இருப்பதைக் காட்டியது. 2008 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசின் அரைப்பங்கு சூர் ஹவுசனுக்குக் கிடைத்தது. அவர் 2023 இல் காலமானார்.

ஒரு தாயின் கலங்கள்

இந்த வரலாற்றில் நான் மறக்க முடியாத பெயர் ஒரு விஞ்ஞானியுடையது அல்ல. ஹென்றியேற்றா லக்ஸ் என்ற கறுப்பினத் தாயுடையது. ஐந்து பிள்ளைகளின் தாயான அவர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள வைத்தியசாலை ஒன்றில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்றார். 1951 ஒக்டோபர் 4 ஆம் திகதி, 31 வயதில் இறந்தார். அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட புற்றுநோய்க் கலங்கள் ஆய்வுகூடத்தில் வளர்ந்துகொண்டே இருந்தன. இன்றும் வளர்கின்றன. 'ஹீலா' கலங்கள் என்று அவற்றை அழைப்பார்கள். போலியோ தடுப்பூசி ஆய்வு உட்பட எண்ணற்ற ஆய்வுகளுக்கு அவை பயன்பட்டன.

சூர் ஹவுசனின் குழு ஹீலா கலங்களையும் பரிசோதித்தது. அவற்றினுள் எச்பிவி 18 ஆம் வகையின் டிஎன்ஏ இருந்தது. தன்னைக் கொன்றது எது என்று அறியாமலே இறந்த ஒரு பெண்ணின் கலங்கள், முப்பது வருடங்களுக்குப் பின் அந்தக் கொலையாளியைக் காட்டிக்கொடுத்தன. அவருடைய குடும்பத்தினருக்கோ அந்தக் கலங்கள் உயிருடன் இருப்பதே பல வருடங்களாகத் தெரியாது. நோயாளியின் சம்மதம் ஏன் அவசியம் என்பதற்கு அவர் கதை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

வைரசு கலத்தினுள் செய்வது என்ன?

எச்பிவியின் முழுப்பெயர் மனித பப்பிலோமா வைரசு. 200 க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை தீங்கற்றவை, அல்லது கை கால்களில் மருவை உண்டாக்குபவை. ஒரு டசின் அளவானவையே புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய ஆபத்தான வகைகள்.

இவ்வைரசின் டிஎன்ஏ வளையம் போன்றது. ஏறத்தாழ 8000 மூலச் சோடிகளையே கொண்டது. மனிதக் கலமொன்றின் டிஎன்ஏயோடு ஒப்பிட்டால் இது மிகமிகச் சிறியது. ஆனால் அதிலுள்ள இரண்டு பரம்பரை அலகுகள் பெரும் சேதம் விளைவிக்கின்றன. அவை உண்டாக்கும் புரதங்களை ஈ6, ஈ7 என்பர்.

நாம் கலப்பிரிவு பற்றிப் படித்திருக்கிறோம். கலம் தேவையின்றிப் பிரியாமல் தடுக்க அதனுள்ளேயே காவலாளிகள் இருக்கின்றன. ஆர்பி என்ற புரதம் கலவட்டத்தின் வாசலில் நின்று, அனுமதியின்றிப் பிரிய விடாது. பி53 என்ற புரதம் டிஎன்ஏயில் சேதம் ஏற்பட்டால் பிரிவை நிறுத்தித் திருத்தச் செய்யும். திருத்த முடியாவிட்டால் அக்கலத்தைத் தானாகவே அழியச் செய்யும். வைரசின் ஈ7 புரதம் ஆர்பியைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. ஈ6 புரதமோ பி53 ஐ அழிவுக்கு அனுப்புகிறது. இரண்டு காவலாளிகளும் இல்லாத வீட்டைப் போல, கலம் கட்டுப்பாடின்றிப் பிரிகிறது. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதே நமக்குள்ள பெரிய ஆறுதல். எச்பிவி தொற்றியவர்களில் நூற்றுக்கு 90 பேர் அளவில், உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே இரண்டு வருடங்களுக்குள் வைரசை அகற்றிவிடுகிறது. நீங்காமல் தங்கிவிடும் சிலரில்தான் கலங்கள் மெல்ல மாறத் தொடங்கும். மாறிய கலங்கள் புற்றுநோயாவதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும். நிர்ப்பீடனம் குறைந்தவர்களில் இக்காலம் குறுகும். புகைத்தலும் ஆபத்தைக் கூட்டும். இந்த நீண்ட கால இடைவெளிதான் நாம் நோயைத் தடுப்பதற்குக் கிடைத்த வாய்ப்பு.

தடுப்பூசி எப்படி உருவானது?

வைரசைக் கண்டுபிடித்த காலத்திலேயே சூர் ஹவுசன் தடுப்பூசி செய்யும்படி ஒரு மருந்து நிறுவனத்தை அணுகினார். இலாபம் வராது என்று கூறி அவர்கள் மறுத்துவிட்டனர். எச்பிவியை ஆய்வுகூடத்தில் வளர்ப்பதும் எளிதல்ல. அதன் டிஎன்ஏ புற்றுநோயை உண்டாக்குவதால் வைரசைச் செயலிழக்கச் செய்து ஊசியாக ஏற்றுவதும் பாதுகாப்பானதல்ல.

இதற்கு ஒரு வழியை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயன் பிரேசரும், சீனாவில் பிறந்த ஜியான் சோவும் 1991 இல் கண்டனர். வைரசின் வெளி உறையை அமைப்பது எல்1 என்ற புரதம். அந்தப் புரதத்தை மாத்திரம் தனியாக உற்பத்தி செய்தால், அவை தாமாகவே ஒன்றுசேர்ந்து வைரசைப் போன்ற ஒரு பந்தாக அமைகின்றன. அமெரிக்காவில் ஜோன் ஷில்லர், டக்ளஸ் லோவி ஆகியோரும் இத்துறையில் முக்கியமான ஆய்வுகளைச் செய்தனர்.

அந்தப் பந்தினுள் டிஎன்ஏ கிடையாது. ஆளில்லாத உடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் தொற்றவும் முடியாது, புற்றுநோயை உண்டாக்கவும் முடியாது. ஆனால் நம் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி அதனை உண்மை வைரசு என்றெண்ணிப் பிறபொருளெதிரிகளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. பின்னொரு நாளில் உண்மையான வைரசு வந்தால் வாசலிலேயே பிடிபடும்.

2006 இல் முதலாவது தடுப்பூசி பாவனைக்கு வந்தது. அதைக் காண ஜியான் சோ உயிருடன் இல்லை. அவர் 1999 இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். 2007 இல் அவுஸ்திரேலியா தேசிய மட்டத்தில் மாணவிகளுக்கு ஏற்றத் தொடங்கியது. இலங்கையில் 2017 ஆம் ஆண்டு முதல் தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் தரம் 6 மாணவிகளுக்கு இது இலவசமாக வழங்கப்படுகிறது.

பலன் கிடைத்ததா? சுவீடனில் 16 இலட்சத்துக்கும் அதிகமான பெண்களை அவதானித்து 2020 இல் வெளிவந்த ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி ஏற்றிக்கொண்டவர்களிடம் இந்நோய் 88 வீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி வழங்கப்பட்ட தொகுதியினரிடம் 87 வீதம் குறைந்ததாக 2021 இல் அறிவித்தனர். ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி பெற்றவர்களிடையே ஒருவருக்கேனும் இப்புற்றுநோய் ஏற்படவில்லை என 2024 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

இனி வாப்பாவின் கேள்விகளுக்கு வருகிறேன். வேறு பெற்றோரிடமும் இதே கேள்விகள் இருக்கும் என நினைக்கிறேன்.

"இவ்வளவு சிறிய வயதில் ஏன்?" தடுப்பூசி வைரசு வருமுன் காக்கும். ஏற்கனவே உடலில் தங்கிவிட்ட வைரசை அதனால் விரட்ட முடியாது. ஆகவே தொற்றுக்கு வாய்ப்பே இல்லாத வயதில் ஏற்றுவதுதான் முறை. மேலும் 9 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் உடல், வயது கூடியவர்களைவிடக் கூடுதலாகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. அதனால்தான் அவர்களுக்குக் குறைந்த தடவைகள் போதும். எங்கள் உம்மா பாடசாலையில் படித்த காலத்தில் ருபெல்லா ஊசி ஏற்றிக்கொண்டவர். பிற்காலத்தில் பிறக்கப்போகும் குழந்தை அங்கவீனமாகிவிடக் கூடாது என்பதற்காக அதை ஏற்றினார்கள். அன்று உம்மாவும் சிறுமிதான். அப்போது அதை யாரும் தவறாக நினைக்கவில்லை.

"இது உடலுறவால் தொற்றும் வைரசு என்கிறார்களே, ஒழுக்கமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" இதுதான் வாப்பா சொல்லாமல் மனதில் வைத்திருந்த கேள்வி. ஆம், நெருக்கமான உடற்தொடர்பின் மூலமே இது தொற்றுகிறது. ஆனால் உலகில் பெரும்பாலானோருக்கு வாழ்வில் எப்போதாவது இது தொற்றி, தெரியாமலே நீங்கிவிடுகிறது. ஒரு பெண் தன் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவளாக இருந்தாலும், அவளுக்கு இது தொற்றலாம். கணவருக்கு எப்போது தொற்றியது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எந்த அறிகுறியும் இருக்காது. ஆகவே இந்த நோய் ஒரு பெண்ணின் நடத்தைக்குச் சான்றல்ல. ஊசி ஏற்றுவதும் பிள்ளையின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதல்ல. திருமண வாழ்வுக்கு முன்னரே அவளுக்கு அளிக்கும் ஒரு பாதுகாப்பு அது.

"பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்று சொல்கிறார்களே?" இவ்வூசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் தொடர்பு இருப்பதாக எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. உண்மையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும்தான் ஒரு பெண்ணின் தாய்மையைப் பறிக்கக்கூடியவை.

"ஹராமான பொருள் ஏதும் சேர்கிறதா?" கார்டசில் என்னும் தடுப்பூசியிலுள்ள புரதம் மதுவத்தில் தயாரிக்கப்படுகிறது. பாண் பொங்க வைக்கும் ஈஸ்ட் வகையே அது. பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலட்டின் அதில் இல்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலேசியாவில் 2010 முதல் பாடசாலை மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி ஏற்றப்படுகிறது.

"பக்க விளைவுகள்?" ஏற்றிய இடத்தில் வலி, வீக்கம், சிறு காய்ச்சல், தலைவலி என்பன வரலாம். ஓரிரு நாளில் போய்விடும். சில மாணவிகள் ஊசிப் பயத்தில் மயங்குவதுண்டு. அதனால்தான் ஏற்றிய பின் 15 நிமிடங்கள் உட்கார வைக்கிறார்கள். காலைச் சாப்பாட்டைத் தவறாமல் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். ஒவ்வாமை ஏதும் உள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஜப்பான் தரும் படிப்பினை

வதந்தி என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் ஓர் உதாரணம். அங்கு 2013 ஏப்ரலில் இத்தடுப்பூசி வழமையான தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சில மாணவிகளுக்கு நடக்க முடியாமை, உடல் நடுக்கம் போன்றவை ஏற்பட்டதாகத் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் செய்திகள் வந்தன. இரண்டே மாதத்தில், 2013 ஜூனில், அரசாங்கம் பெற்றோருக்குப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 70 வீதமளவில் இருந்த தடுப்பூசி பெறுவோர் தொகை 1 வீதத்துக்கும் கீழே விழுந்தது.

பின்னர் நகோயா நகரில் ஏறத்தாழ 30 ஆயிரம் இளம் பெண்களிடம் 24 வகையான அறிகுறிகள் பற்றிக் கேட்டு ஆராய்ந்தார்கள். ஊசி ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் இடையில் அவ்வறிகுறிகளில் ஊசியைக் காரணமாகக் காட்டக்கூடிய வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் 2022 ஏப்ரலில்தான் அரசாங்கம் மீண்டும் பரிந்துரைக்கத் தொடங்கியது. இடைப்பட்ட ஒன்பது வருடங்களில் பதின்ம வயதைக் கடந்த பிள்ளைகள் ஒரு தலைமுறை. அறிவியலில் இவ்வளவு முன்னேறிய நாட்டிலேயே இப்படி நடந்தது என்றால், கைத்தொலைபேசியில் வரும் ஒரு குரல் பதிவை நம்பி முடிவெடுப்பதற்கு முன் நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

தடுப்பூசி எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு. எங்கள் தாய்மாருக்கு அது கிடைத்ததில்லை. அவர்களுக்கு உள்ள பாதுகாப்பு பரிசோதனையே. இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதிலும் பின்னர் 45 வயதிலும் அங்கு சென்று இப்பரிசோதனையைச் செய்துகொள்ளும்படி அழைக்கிறார்கள். பணம் அறவிடுவதில்லை. மார்புப் பரிசோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு என்பவற்றையும் அங்கேயே பார்க்கிறார்கள். உங்கள் பகுதிக்குரிய குடும்பநல மாதுவிடம் கேட்டால் எந்த நாளில் நடக்கிறது என்று சொல்வார்.

பாப் பரிசோதனையில் சத்திரசிகிச்சை எதுவும் இல்லை. கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை மெல்லத் தடவி எடுப்பார்கள். சில நிமிடங்களே ஆகும். கலங்களில் மாற்றம் இருந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமல்ல. புற்றுநோயாக மாறுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்றே அர்த்தம். அந்த இடத்தை மட்டும் குளிரூட்டி உறையவைத்தோ, சூடேற்றியோ, மெல்லிய கம்பி வளையத்தால் அகற்றியோ குணப்படுத்திவிடலாம்.

மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில் இரத்தம் படுதல், மாதவிடாய் முற்றாக நின்ற பின் மீண்டும் இரத்தம் படுதல், கணவருடன் சேர்ந்த பின் இரத்தம் படுதல், துர்நாற்றமுள்ள வெள்ளை படுதல், அடிவயிற்றிலோ இடுப்பிலோ நீங்காத வலி என்பன இருந்தால் 35, 45 என்று காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஊசி ஏற்றிய நாங்களும் அந்த வயதை அடையும்போது பரிசோதனையை விடக்கூடாது. ஏனெனில் ஊசி எல்லா வகை வைரசையும் தடுப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் மூன்று இலக்குகளை அறிவித்தது. 2030 க்குள் 15 வயதுக்கு உட்பட்ட மாணவிகளில் நூற்றுக்கு 90 பேர் ஊசி பெற்றிருக்க வேண்டும். பெண்களில் நூற்றுக்கு 70 பேர் 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45 வயதுக்குள் மறுதடவையும் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். நோய் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் சிகிச்சை பெற வேண்டும். இம்மூன்றும் நடந்தால் இந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருப்பதைக் காலப்போக்கில் ஒழித்துவிடலாம் என்கிறார்கள்.

வெட்கம் எங்கே வேண்டும்?

இதையெல்லாம் நான் வீட்டில் வாசித்துக் காட்டியபோது எங்கள் உம்மும்மா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். நான் பிறக்க முன்பே மௌத்தாகிப்போனவர். 'வயித்து வருத்தம்' என்றே நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். மாதவிடாய் நின்று நாலைந்து வருடத்துக்குப் பின் மறுபடியும் அவருக்கு இரத்தம் படத் தொடங்கியதாம். ஒரு வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. துணிகளைத் தானே இரவில் கழுவிக் காயப்போட்டிருக்கிறார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது நோய் பரவிவிட்டது. "எனக்கிட்டயும் சொல்லல்ல. வெக்கம். நானும் கேக்கல்ல" என்றார் உம்மும்மா.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று படித்திருக்கிறோம். அதே மார்க்கத்தில்தான், அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தைக் கற்றுக்கொள்வதற்கு வெட்கம் தடையாக இருக்க விடவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அவர்களைப் பாராட்டியதாகவும் படித்திருக்கிறோம். மாதவிடாய் பற்றியும் குளிப்புப் பற்றியும் அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார்கள். அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணி இன்றி இறக்கவில்லை என்பதும் நபியவர்களின் போதனைதான். உடலை மறைப்பது ஹயா. உடலில் உள்ள நோயை மறைப்பது ஹயா அல்ல. பெண் வைத்தியரிடம் காட்டும் வசதியும் இன்று இருக்கிறது.

அன்றிரவே வாப்பா கடிதத்தில் கையொப்பமிட்டார். ஊசி ஏற்றிய அன்று பின்னேரம் தங்கை கையைத் தூக்க முடியாது என்று சொல்லி வீட்டு வேலையிலிருந்து தப்பித்துக்கொண்டாள். அடுத்த வாரம் உம்மா சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனார். உம்மாவுக்கு 43 வயது. 35 இல் போயிருக்க வேண்டியவர். குடும்பநல மாது அந்நாளில் வீட்டுக்கு வந்து சொல்லியும் வெட்கத்தால் போகவில்லையாம். முடிவு வரும் வரை எங்களுக்கு நித்திரை இல்லை. அல்ஹம்துலில்லாஹ், குறை எதுவும் இல்லை என்று வந்தது. அன்று உம்மா செய்த முதல் வேலை, பக்கத்து வீட்டு மாமிக்குப் போய்ச் சொன்னதுதான்.

சகோதரிகளே, இந்தச் சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது இந்தப் பக்கத்தை உங்கள் உம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டக் கூச்சமாக இருந்தால் திறந்தபடியே மேசையில் வைத்துவிடுங்கள். தங்கை தரம் 6 இல் படித்தால், வந்த கடிதம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இருபது வருடங்களுக்குப் பின் வரக்கூடிய ஒரு நோயை இன்று ஒரு கையொப்பத்தால் தடுக்க முடியும் என்றால், அதைத் தாமதிப்பதற்கு நியாயம் ஏது? எல்லாத் தாய்மாருக்கும் வல்ல அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.